கொங்கு நாட்டின் கடல்வாசல்

கோவையிலிருந்து கொச்சிக்கு: ஒரு தம்பதியரின் பிரயாணமும் இரண்டாயிரம் ஆண்டுச் சரித்திரமும்

கொங்கு நாட்டுக்குக் கடல் கிடையாது. மேற்கே வெள்ளியங்கிரியும் வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் பழனி மலையும் அரணாக நிற்க, கிழக்கே காவிரி ஓட, நடுவிலே வானம் பார்த்த மேட்டு நிலமாகக் கிடக்கும் இந்நாட்டிலே பிறந்து, ஆழக் கிணறுகளில் கவலை இறைத்துப் பயிர் செய்து, பின்னர்ப் பருத்தியையும் பஞ்சாலையையும் நம்பி வாழ்க்கை நடத்திய ஜனங்களுக்குச் சமுத்திரம் என்பது தூரத்து விஷயமாகவே தோன்றுவது இயல்பு. ஆயினும், சற்றே நின்று யோசித்துப் பார்த்தால், கடலே இல்லாத இந்நாட்டுக்குக் கடல்வாசல் ஒன்று மட்டும் இரண்டாயிரம் ஆண்டுகளாக இருந்து வந்திருக்கிறது என்பதும், அந்த வாசல் மலைகளுக்கு அப்பால் மேற்குக் கரையிலே, முற்காலத்தில் முசிறியாகவும் பிற்காலத்தில் கொச்சியாகவும் விளங்கியது என்பதும் புலனாகும்.

இன்று கோவையிலும் திருப்பூரிலும் பொள்ளாச்சியிலும் இருந்து வார விடுமுறைக்குக் கொச்சி சென்று வரும் தம்பதியர் பலர். சீன வலைக்கு முன்னால் நின்று ஒரு புகைப்படம், மட்டாஞ்சேரியில் ஏலக்காயும் மிளகுமாக ஒரு பொட்டலம், எடப்பள்ளியில் பெரிய அங்காடி ஒன்றில் ஒரு மாலைப்பொழுது என்று அவர்களுடைய யாத்திரை முடிந்துவிடுகிறது. உழைத்துக் களைத்தவர்கள் அப்படிக் களிப்பதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், வேறு யாரோ ஆண்ட, வேறு யாரோ கட்டிய, நமக்குச் சம்பந்தமில்லாத ஒரு பட்டினத்தை வேடிக்கை பார்த்துவிட்டு வந்தோம் என்ற நினைப்போடு அவர்கள் திரும்புகிறார்களே, அது மட்டும் மனத்தை வருத்துகிறது. பிள்ளைகள் வெளியூர்களில் நிலைபெற்றுவிட்ட பிறகு, நானும் என் மனைவியும் கொச்சியைச் சாவகாசமாகச் சுற்றிப் பார்த்து வருவதென்று புறப்பட்டபோது, அந்நகரை நம் வீட்டு வாசலிலே தொடங்குகிற பாதை சென்று முடியும் இடமாகப் பார்க்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடுதான் புறப்பட்டோம். அந்த எண்ணத்தை வாசகர்களும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலை விட்ட வழி

குஜராத் எல்லையிலிருந்து குமரிமுனை வரையில் மதில்போல் தொடர்ந்து செல்லும் மேற்குத் தொடர்ச்சி மலையிலே, பெரிய இடைவெளி என்று சொல்லத்தக்கது பாலக்காட்டுக் கணவாய் ஒன்றுதான். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை விலகி நிற்க, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 140 மீட்டர் உயரமே உள்ள அந்தத் தாழ்ந்த வெளியின் வழியாகப் பொதி மாடும் பார வண்டியும், பிற்காலத்தில் ரயிலும் லாரியும், ஏறியிறங்கும் சிரமமின்றிக் கடந்து சென்றிருக்கின்றன. ஆனி ஆடி மாதங்களில் கோவை நகரத்தின் மேல் சிலுசிலுவென்று சாரலைத் தூவுவதும், பல்லடத்திலும் உடுமலையிலும் நூற்றுக்கணக்கான காற்றாலைகளை ஓயாமல் சுழற்றுவதும் இந்த வாசல் வழியே நுழைகிற தென்மேற்குப் பருவக்காற்றுத்தான். அதே காற்றைப் பாய்மரத்தில் வாங்கிக்கொண்டுதான் கிறிஸ்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டிலே ரோமானிய வர்த்தகர்களின் கப்பல்கள் செங்கடலின் வாயிலிலிருந்து நேராக அரபிக் கடலைக் கடந்து முசிறிக்கு வந்து சேர்ந்தன. அந்தக் கடற்பயணம் 40 நாட்களில் முடிந்துவிடும் என்று ரோமானிய நூலாசிரியர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். கப்பலை ஓட்டிய காற்றும் நம் காற்றாலையை ஓட்டுகிற காற்றும் ஒன்றே என்பதை நினைக்கும்போது, கடலுக்கும் கொங்குக்கும் உள்ள உறவு ஏட்டுச் சரித்திரத்தோடு நின்றுவிடாமல், ஆண்டுதோறும் நம் முகத்தில் வந்து படுகிற உண்மையாகிவிடுகிறது.

அந்தக் கப்பல்களுக்குச் சேர நாடு மிளகைக் கொடுத்தது. கொங்கு நாடு மணிக்கற்களைக் கொடுத்தது. ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் இருக்கிற கொடுமணல் என்ற சிற்றூரை இன்று பார்க்கிறவர்கள், பதிற்றுப்பத்திலே இடம்பெற்ற கைத்தொழில் நகரம் இது என்று நம்பமாட்டார்கள். 1985ஆம் ஆண்டு முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும், பின்னர்ப் பிற நிறுவனங்களும் அங்கே நடத்திய அகழாய்வுகளில், பச்சைக்கல்லும் நீலக்கல்லும் படிகமும் சூதுபவளமும் பட்டை தீட்டித் துளையிடப்பட்ட தொழிற்கூடங்களும், இரும்பையும் எஃகையும் உருக்கிய உலைகளும், தமிழ் பிராமி எழுத்தில் ஆட்களின் பெயர் கீறிய பானையோடுகளும் வெளிப்பட்டன. காங்கேயத்தை அடுத்த படியூரில் கிடைத்த பச்சைக்கல்லை ரோமாபுரிச் சீமாட்டிகள் ஆசையோடு அணிந்தார்கள். அந்த வர்த்தகத்துக்குச் சாட்சியாக, கோவையை ஒட்டிய வெள்ளலூரிலே அகஸ்டஸ், திபேரியஸ் முதலிய சக்கரவர்த்திகளின் முகம் பொறித்த வெள்ளி நாணயங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் குவியல் குவியலாகக் கிடைத்தன.

என் மனைவிக்குப் பிறந்தகம் காங்கேயம் பக்கம். ரயில் எட்டிமடையைத் தாண்டி, யானைகள் தண்டவாளத்தைக் கடக்கிற காட்டுப் பகுதியில் வேகம் தணிந்து ஊர்ந்துகொண்டிருந்தபோது இந்த விவரங்களை நான் சொல்லிவர, அவள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக் கேட்டாள்: “ஏனுங்க, மழை பேஞ்சு விட்டாப் போதும், எங்கப்பா காட்டுல வெள்ளைக் கல்லும் பச்சைக் கல்லுமா மின்னுமுங்க. நாங்க அதைப் பொறுக்கி வெச்சு அஞ்சாங்கல்லு ஆடுவோம். அதுக்கா அத்தனை தூரம் கப்பல் ஏறி வந்தாங்க?” அதற்காகத்தான் வந்தார்கள். கொங்குக் காட்டில் குழந்தைகள் விளையாடுகிற கல், பட்டை தீட்டிய பிற்பாடு மலை தாண்டிக் கடல் தாண்டி ஒரு சாம்ராஜ்யத்தின் வெள்ளியை இந்த வழியாகவே இங்கே இழுத்து வந்தது.

வழி என்றால் வெறும் தடமன்று, பெயர் பெற்ற ராஜபாட்டை. கோவைக்கு மேற்கே சுண்டக்காமுத்தூர்ப் பக்கத்துக் குன்றின் பாறையொன்றில், தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலுமாக இருமுறை பொறித்த ஒரு சோழர் காலக் கல்வெட்டு, கொங்கிலிருந்து சேர நாட்டுக்குச் சென்ற இப்பாதைக்கு ‘இராசகேசரிப் பெருவழி’ என்று பெயர் சூட்டியிருப்பதை அறிவிக்கிறது. கிழக்கேயிருந்து வருகிறவன் தமிழ் எழுத்தைப் படிக்கட்டும், மேற்கேயிருந்து வருகிறவன் வட்டெழுத்தைப் படிக்கட்டும் என்று கருதி அதைச் செதுக்கியவர்கள், இவ்வழி இரு நாட்டாருக்கும் பொது என்பதைக் கல்லிலேயே ஒப்புக்கொண்டவர்கள் அல்லவா? 1862ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை, போத்தனூரைத் தொட்டு இதே கணவாய் வழியாக மேற்குக் கரையின் பேப்பூரை எட்டியது. 1902ஆம் ஆண்டில் ஷோரனூரிலிருந்து எரணாகுளத்துக்குக் கொச்சி சமஸ்தானம் சொந்தச் செலவிலே கிளைப்பாதை போட்டது. அதற்குப் பணம் போதாமல், திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் கோயில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டங்களையே விற்று நிதி சேர்த்தார் ராஜரிஷி என்று போற்றப்பட்ட மகாராஜா ராம வர்மா. தெய்வத்தின் பொன்னை ஜனங்களின் பாதையாக மாற்றிய அந்த அரசரை, கோவையிலிருந்து எரணாகுளம் போகிற பிரயாணிகள் ஒரு கணமாவது நன்றியோடு நினைக்க வேண்டும்.

கோட்டைக் கொச்சியில்

பெரியாற்றின் முகத்துவாரத்தில் முசிறி எப்படி அழிந்தது என்பதைப் பற்றி 1341ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தைக் காரணமாகச் சொல்வது மரபு. அவ்வெள்ளம் கொடுங்கல்லூர்த் துறையை மணலால் மூடிவிட்டுத் தெற்கே கொச்சியில் புதிய கழிமுகத்தைத் திறந்தது என்பார்கள். முசிறி இருந்த இடமாகக் கருதப்படுகிற, வடக்குப் பறவூரை அடுத்த பட்டணம் என்ற கிராமத்தில் 2007 முதல் கேரள வரலாற்று ஆராய்ச்சிக் கழகம் தோண்டிப் பார்த்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச் சாடிகளுடைய ஓடுகளும், விதவிதமான மணிகளும், ஒரே மரத்தைக் குடைந்து செய்த தோணியும் கிடைத்திருக்கின்றன. வியன்னா நகரத்தில் பாதுகாக்கப்படுகிற, இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பாப்பிரஸ் ஏடொன்று, முசிறியில் சரக்கேற்றிய ‘ஹெர்மாபோலோன்’ என்ற கப்பலின் கணக்கை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆறு திசை மாறினாலும் வர்த்தகம் திசை மாறவில்லை. முசிறி விட்ட இடத்திலிருந்து கொச்சி தொடர்ந்தது.

1500ஆம் ஆண்டில் போர்ச்சுகீசியர் கொச்சிக்கு வந்தார்கள். 1503இல் கோட்டை கட்டினார்கள். 1663இல் டச்சுக்காரர் அதைப் பிடித்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். இந்த மூன்று ஆட்சியையும் ஒரே கூரையின் கீழ்ப் பார்க்க விரும்புகிறவர்கள் புனித பிரான்சிஸ் ஆலயத்துக்குச் செல்ல வேண்டும். போர்ச்சுகீசியர் முதலில் மரத்தால் எழுப்பிப் பின்னர்க் கல்லால் மாற்றிய அந்தக் கத்தோலிக்க ஆலயம், டச்சுக்காரர் காலத்தில் சீர்திருத்தச் சபையாகி, ஆங்கிலேயர் காலத்தில் ஆங்கிலிக்கன் சபையாகி, சுதந்திரத்துக்குப் பிறகு தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்துவிட்டது. 1524ஆம் ஆண்டு கொச்சியில் இறந்த வாஸ்கோ டகாமாவை முதலில் புதைத்த இடத்தைச் சுற்றி ஒரு தாழ்ந்த கம்பியடைப்பு மட்டும் இருக்கிறது. எலும்புகளைச் சில ஆண்டுகளுக்குப் பின் போர்ச்சுகலுக்கே எடுத்துச் சென்றுவிட்டார்கள். தரையிலிருந்து பெயர்த்தெடுத்த கல்லறைப் பலகைகளை ஒரு பக்கச் சுவரில் போர்ச்சுகீசியருக்கும் எதிர்ச் சுவரில் டச்சுக்காரருக்குமாகப் பதித்து வைத்திருக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது ஒருவரையொருவர் கடலிலும் கரையிலும் துரத்திய இரு கூட்டத்தார், இப்போது எதிரெதிரே மௌனமாக நிற்கிறார்கள்.

வந்தவர்கள் யாவரும் கல்லறைகளையே பார்த்துக்கொண்டிருக்க, என் மனைவியின் பார்வை மேலே சென்றது. கூரையிலிருந்து வரிசையாகத் தொங்கிய நீண்ட துணி விசிறிகளிலிருந்து கயிறுகள் சென்று, சுவரிலே இட்ட துளைகளின் வழியே வெளியே போயின. “அந்தக் கயித்தை வெளியே வெயில்ல உக்காந்து இழுத்தவங்க பேரு எங்கீங்க எழுதி வெச்சிருக்காங்க?” என்றாள். எங்கும் எழுதி வைக்கவில்லை. பெரியவர்களின் பெயர்கள் கல்லில் இருக்க, அவர்களுக்குக் காற்று வீசியவர்களின் பெயர்கள் காற்றோடு போய்விட்டன என்ற உண்மையை, சரித்திரப் புத்தகங்கள் பல படித்த நான் அன்று அவள் வாயிலிருந்துதான் கேட்டேன்.

கரையோரத்துச் சீன வலைகளையும் அப்படிக் கூர்ந்து பார்த்தால்தான் அவற்றின் விசேஷம் தெரியும். நான்கு வளைந்த கழிகளின் நுனியில் தொட்டில்போல் விரிந்த வலை ஒரு முனையிலும், பல நீளக் கயிறுகளில் கோத்துத் தொங்கும் உருண்டைக் கற்கள் மறுமுனையிலுமாக, நடுவே பெரிய மரத்துலாம் ஒன்று பளுவைச் சமன் செய்து நிற்கிறது. ஓர் ஆள் அந்தத் துலாத்தின் மேல் நான்கு அடி முன்னே நடந்தால் போதும். அவ்வளவு பெரிய வலையும் பணிவாகத் தண்ணீரில் இறங்கிவிடும். சில நிமிஷங்கள் சென்றபின் நாலைந்து பேர் கயிற்றைப் பிடித்து இழுக்க, கற்கள் ஒவ்வொன்றாகக் கரையில் வந்து அமர, வலை மேலே எழும்புகிறது. துலாவின் மேல் ஆள் நடந்து இறைத்த ஏற்றத்தைச் சிறுவயதில் பார்த்திருக்கிற கிராமத்து ஜனங்களுக்கு இந்தச் சூத்திரம் புதிதன்று. தண்ணீருக்கு நாம் செய்ததை அவர்கள் மீனுக்குச் செய்கிறார்கள்.

சுற்றுலாப் பயணிகள் அதிகம் போகாத இடம் ஒன்றுண்டு. கோட்டைக் கொச்சியின் வெளி என்ற பகுதியில் உள்ள சலவைத்துறை அது. டச்சுக்காரர் காலத்தில் படையாட்களின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழ் பேசும் சீமைகளிலிருந்து அழைத்து வரப்பட்ட குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்னும் அங்கே தொழில் செய்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தொட்டியும் கல்லும் உண்டு. கஞ்சி போட்ட துணிகளை உலர்த்தும் வெளியில் கவ்வி எதுவும் கிடையாது. இரட்டைக் கயிறுகளை முறுக்கிக் கட்டி, அந்த முறுக்கின் இடுக்கிலே துணியின் முனையைச் செருகிவிடுகிறார்கள், கடற்காற்று எவ்வளவு அடித்தாலும் அது விடுவதில்லை. கரி போட்ட இஸ்திரிப் பெட்டியோடு நின்ற ஒரு பெரியவர், நாங்கள் பேசுகிற தமிழைக் கேட்டதும் வேலையை நிறுத்திவிட்டு வந்தார். “உங்களுக்கு ஊரு எதுங்கய்யா?” என்று என் மனைவி கேட்க, அவர் சிரித்து, “ஊரு இதுதான் அம்மா. பாட்டனுக்குப் பாட்டன் பிறந்ததும் இங்கேதான். குலதெய்வம் மட்டும் மலைக்கு அந்தப் பக்கம்” என்றார். எத்தனையோ தலைமுறை கடந்தும், மலையாளத்தின் இழைவு கலந்த அந்தத் தமிழ் வீட்டுமொழியாக நின்றிருக்கிறது. கொச்சியைப் பார்க்கிற தமிழர் யாவரும் அந்தத் துறைக்கு ஒருமுறை சென்று, அந்த உழைப்பாளிகளோடு நான்கு வார்த்தை பேசிவிட்டு வர வேண்டும்.

மட்டாஞ்சேரியின் விசால மனம்

மட்டாஞ்சேரியில் நடந்து திரிந்தால், ஒரு துறைமுகப் பட்டினத்தின் தர்மம் இன்னதென்று விளங்கும். கோவாவிலிருந்து வந்து குடியேறிய கொங்கணியர், கச்சிலிருந்து வந்த மேமன்கள், குஜராத்தி வணிகர்கள், சமணர்கள், தமிழர்கள், யூதர்கள் என்று பலவகை ஜனங்களும் தத்தம் கோயிலும் பள்ளிவாசலும் மொழியும் உணவுமாகப் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் வாழ்ந்திருக்கிறார்கள். டச்சு அரண்மனை என்று பெயர் பெற்ற மாளிகையை ஏறத்தாழ 1555இல் கட்டிக் கொச்சி அரசருக்கு அளித்தவர்கள் போர்ச்சுகீசியர்; அதைப் பின்னர்ச் செப்பனிட்டதனால் டச்சுக்காரர் பெயர் நிலைத்துவிட்டது. அரசரின் பள்ளியறைச் சுவர்களில், புத்திரகாமேஷ்டி யாகம் தொடங்கி இராமர் அயோத்திக்கு மீள்வது வரையில் இராமாயணம் முழுவதையும் காவியும் பச்சையும் மஞ்சளுமான இயற்கை வர்ணங்களில் தீட்டியிருக்கிறார்கள். ஓர் அங்குலம் இடம்கூடக் காலியாக விடாமல் தேவரும் முனிவரும் குரங்கும் கொடியும் நெருங்கி நிற்கிற அந்தச் சித்திரங்களுக்கு முன் அரை மணி நேரமாவது நிற்காதவர்கள் அரண்மனையைப் பார்த்தவர்களாகமாட்டார்கள்.

அரண்மனைக் கோயிலை ஒட்டியே, 1568இல் எழுந்த பரதேசி யூதர் ஜெப ஆலயம் இருக்கிறது. போர்ச்சுகீசியரின் துன்புறுத்தலுக்கு ஆளான யூதர்களுக்குத் தம் அரண்மனைக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்துக் காத்தவர் கொச்சி அரசர். சீனத்திலிருந்து தருவித்த நீலமும் வெள்ளையுமான கைவண்ணப் பீங்கான் ஓடுகள் அதன் தரையில் பதிந்திருக்கின்றன. ஒரே மாதிரி என்று நினைத்துக் குனிந்து பார்த்தால், ஒன்றில் இருக்கிற மரக்கிளை மற்றொன்றில் வேறுவிதமாக வளைந்திருக்கிறது. காலணியைக் கழற்றிவிட்டு அந்தக் குளிர்ந்த ஓடுகளின் மேல் நின்றபோது, சுண்டக்காமுத்தூர்ப் பாறை என் ஞாபகத்துக்கு வந்தது. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மர் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு உரிமைகள் அளித்துக் கொடுத்த செப்பேடுகள் இந்தச் சமூகத்தாரின் அரும்பெரும் நிதி. அவற்றில் உள்ள எழுத்தும் வட்டெழுத்தே. கோவையின் குன்றில் வழிப்போக்கனுக்குப் பாதையைச் சொன்ன எழுத்து, கடற்கரையில் அந்நியனுக்கு அபயம் சொல்லியிருக்கிறது. இஸ்ரேல் உதயமான பின்னர் இங்கிருந்த யூதர்களில் மிகப் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்துவிட்டார்கள். ஆயினும், உலகத்தின் பல திசைகளிலும் துரத்தப்பட்ட ஒரு சமூகம் இந்த ஊரின் அரசரிடத்தில் அடைக்கலம் பெற்று வாழ்ந்தது என்ற புகழ் இந்த மண்ணை விட்டு ஒருநாளும் போகாது.

சரக்குக் கிடங்குகள் நிறைந்த கடைவீதியில் சுக்கும் மிளகும் ஜாதிக்காயும் கலந்த வாசனை, கதவடைத்த கட்டடங்களிலிருந்துகூட வந்துகொண்டிருந்தது. கடைக்காரர் ஒருவர், நாங்கள் கோவை என்று தெரிந்ததும், ஒரு சாக்கின் வாயைப் பிரித்து, “இது உங்கள் ஈரோட்டு மஞ்சள்தான்” என்று பெருமையோடு காட்டினார். மலையாளக் கரையின் மிளகும் கொங்கின் மஞ்சளும் ஒரே திண்ணையில் இருக்கக் கண்டு, என் மனைவி, வீட்டில் மஞ்சள் இருந்தும், அதில் கால் கிலோ கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மணல் திட்டும் கோவைத் திவானும்

கொச்சிக்கு ஒரு பெருங்குறை நெடுங்காலம் இருந்து வந்தது. உள்ளே பரந்த காயல் பாதுகாப்பான துறையாக இருந்தும், அதன் வாயிலிலே கெட்டிப்பட்ட மணல் திட்டு ஒன்று குறுக்கே கிடந்ததனால், பெரிய கப்பல்கள் உள்ளே நுழைய முடியாமல் வெளிக்கடலில் நங்கூரமிட்டு நின்றன. சரக்கைப் படகுகளில் கொண்டுபோய் ஏற்றவேண்டியிருந்தது. மழைக்காலத்தின் கொந்தளிப்பிலே அதுவும் நின்றுபோகும். இதைத் தீர்ப்பதற்காக, சென்னை கவர்னராக இருந்த வில்லிங்டன் பிரபுவின் ஆட்சிக் காலத்தில், 1920இல் ராபர்ட் பிரிஸ்டோ என்ற இஞ்சினீயர் கொச்சிக்கு வந்து சேர்ந்தார். கடலடியின் போக்கையும் அலையின் வேகத்தையும் வருஷக்கணக்கில் அளந்து ஆராய்ந்து, தூர்வாரும் கப்பல்களைக் கொண்டு திட்டை வெட்டிக் கால்வாய் அமைத்தார். 1928ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘பத்மா’ என்ற நீராவிக் கப்பல் உள்துறைக்குள் நுழைந்தது. வாரியெடுத்த மண்ணை வீணாக்காமல் காயலின் நடுவிலே கொட்டி உயர்த்த, வில்லிங்டன் தீவு என்ற புதிய பூமியே உண்டாயிற்று. 1941 வரையில் அவர் அங்கே பணியாற்றினார்.

அந்தத் துறைமுகம் வளர்ந்த வேளையிலே, 1935 முதல் 1941 வரையில், கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்து அதற்குத் துணை நின்றவர் நம் கோயமுத்தூர்க்காரர் சர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். 1892இல் கோவையிலே பிறந்து, மத்திய சட்டசபையின் தலைவராக விளங்கிய அவர், திவான் பொறுப்பேற்ற மறுவருஷமே, 1936இல், கொச்சி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அவர் காலத்திலேதான், 1938இல், அந்தச் சமஸ்தானத்தில் ஜனப்பிரதிநிதி ஒருவரை மந்திரியாகக் கொண்ட இரட்டை ஆட்சியும் ஏற்பட்டது. 1947இல் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரியாகி முதல் வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தவரும் அவரே. இவ்வளவையும் ஓரளவு அறிந்திருக்கும் கோவை வாசிகள் பலர் அறியாத விஷயம் ஒன்றுண்டு. தமிழிசைக்காகக் குரல் கொடுத்த அவர், சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு விளக்கவுரை எழுதி 1946இல் வெளியிட்டார். கடலில்லாத நாட்டிலே பிறந்த ஒருவர், மேற்குக் கரையில் ஒரு துறைமுகத்தின் வளர்ச்சியிலே ஆறு வருஷம் பங்குகொண்டு, பின்னர்க் கிழக்குக் கரையின் பழம்பெரும் துறைமுகப் பட்டினத்தைப் பாடிய காப்பியத்துக்கு உரை வகுத்தார் என்பது எவ்வளவு பொருத்தம்!

எரணாகுளத்தில் காயலை ஒட்டிச் செல்கிற பெருவீதி இன்றும் அவர் பெயரால் சண்முகம் சாலை என்றே வழங்குகிறது. மாலை நேரத்தில் நாங்கள் அதிலே நடந்தோம். எதிரே 1744இல் டச்சுக்காரர் கட்டிய போல்காட்டி மாளிகையின் தோப்பும், அதற்கப்பால் 2011இல் தொடங்கிய வல்லார்பாடம் சரக்குப் பெட்டக முனையத்தின் பாரந்தூக்கிகளும், இடையே மின்சாரத்தில் ஓடும் நீர் மெட்ரோப் படகுகளுமாகக் காயல் விரிந்து கிடந்தது. “நம்மூர்க்காரரு பேருல இத்தனை பெரிய ரோடு இருக்குதுன்னு நம்ம பசங்களுக்கு யாருமே சொல்லலீங்களே” என்று என் மனைவி குறைப்பட்டுக்கொண்டாள். அந்தக் குறை நியாயமானது. 1956ஆம் ஆண்டு மாநிலங்கள் மொழிவழி பிரிகிற வரையில் கோட்டைக் கொச்சி, மலபார் ஜில்லாவின் ஒரு பகுதியாக, கோயமுத்தூரோடு ஒரே மாகாணத்திலே இருந்தது. அன்றைக்கு இரண்டு ஊருக்கும் ஒரே கவர்னர், ஒரே சட்டசபை. எல்லைக்கோடு புதியது, பாதை பழையது. எல்லையை நினைவில் வைத்துக்கொண்டு பாதையை மறந்துவிட்டோம்.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம்

கோவையிலிருந்து எரணாகுளத்துக்கு ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். சாலை வழியாகச் செல்கிறவர்களுக்கு, முன்னர் மணிக்கணக்கில் வண்டிகள் தேங்கி நின்ற குதிரான் மலையில் இப்போது சுரங்கப்பாதை அமைந்துவிட்டதனால் பிரயாணம் சுலபமாகியிருக்கிறது. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமையும், யூதர் ஜெப ஆலயத்துக்குச் சனிக்கிழமையும் விடுமுறை என்பதால், வார இறுதியில் செல்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையை மட்டாஞ்சேரிக்கென்று வைத்துக்கொள்வது நலம். எரணாகுளத்திலிருந்து கோட்டைக் கொச்சிக்குக் காரில் போகாமல், ஹைகோர்ட் துறையிலிருந்து படகிலே போவதுதான் முறை. துறைமுகத்தைத் தண்ணீரிலிருந்து பார்க்காதவர்களுக்கு அதன் அமைப்பு விளங்காது. கடும் மழைக்காலத்தைத் தவிர்த்து, மார்கழி, தை மாதங்களில் சென்றால் வெயிலும் தாங்கும்.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது, புறப்படுவதற்கு முன் செய்ய வேண்டியது. கொச்சிக்குப் போக நினைக்கிற கொங்குத் தம்பதியர், அதற்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கொடுமணலுக்குப் போய் நொய்யற்கரையில் நின்று பார்க்க வேண்டும். சுண்டக்காமுத்தூர்ப் பெருவழிக் கல்வெட்டையும் தேடிப் பார்க்க வேண்டும். கூடவே குழந்தைகளையும் அழைத்துச் செல்ல வேண்டும். நம் பள்ளிக்கூடங்கள் இந்த மூன்று இடங்களையும் ஒரே சுற்றுலாவாக அமைக்க வேண்டும். அரசாங்கமும் நகரத்துச் செல்வர்களும் பெருவழிக் கல்வெட்டுக்கு நல்ல பாதையும் காவலும் அமைத்து, அதைப் பற்றிச் சொல்லும் பலகைகளைக் கோவை ரயில் நிலையத்திலும் எரணாகுளம் ரயில் நிலையத்திலும் தமிழிலும் மலையாளத்திலுமாக ஏற்படுத்த வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இரண்டு எழுத்திலே பாறையில் வெட்டி வைத்தவர்களுக்கு இருந்த அக்கறையில் பாதியாவது நமக்கு இருந்தால், இது ஒரு வருஷத்தில் நடந்துவிடக்கூடிய காரியம்.